மூன்று எழுத்துக் கமரா

ஆஸ்திரேலியாவில், செவன் ஹில்ஸில் நான் வேலை செய்த இடத்துக்கு சோவியத் யூனியனிலிருந்து கமராக்கள் மரப்பெட்டிகளில் வந்து இறங்கும். எழுபதுகளின் நடுப்பகுதி அது. ஜப்பான் கமரா வாங்க வசதி இல்லாதவர்கள் இவற்றை வாங்குவார்கள். நல்ல பாரம். கீழே விழுந்தால் நிலம்தான் உடையும் என்று சொல்லிக் கடைக்காரர்கள் விற்பார்கள்.

இறக்குமதி செய்தவர் ஓர் ஆஸ்திரேலியர். தன்னை முதற்பெயரால்தான் கூப்பிடவேண்டும், இங்கே பெரியவன் சின்னவன் கிடையாது என்று முதல் நாளே சொன்னார். என் பெயரை உச்சரிக்க ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு, நாய்க்குட்டிக்கு வைப்பதுபோல ஒரு சின்னப் பெயரை எனக்கு வைத்தார். பக்கத்தில் நின்ற என் கணவர் சிரித்தார். அன்றிலிருந்து அந்தக் கட்டடத்தில் எனக்கு அதுதான் பெயர்.

என் கணவரும் அங்கேதான் வேலை செய்தார். கொழும்பில் ஒரு கொம்பனியில் கண்ணாடி அறைக்குள் இருந்தவர், இங்கே களஞ்சியத்தில் எத்தனை பெட்டி வந்தது, எத்தனை போனது என்று பதிந்துகொண்டிருந்தார். அது அவரைத் தின்றுகொண்டிருந்தது. விற்பனைப் பகுதிக்குப் போகவேண்டும், கொம்பனிக் காரில் கடை கடையாகப் போகவேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே கதை. வென்ட்வேர்த்விலில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இரண்டு அறை உள்ள ஒரு பிளாட்டில் இருந்தோம். அந்த நாளில் தமிழ்ச் சத்தம் கேட்கவேண்டுமென்றால் நாங்கள் இருவரும்தான் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவேண்டும்.

என் வேலை பெட்டியைத் திறப்பது, கமராவைத் துடைப்பது, ஷட்டரை அடித்துப் பார்ப்பது, ரஷ்ய மொழித் தாளை எடுத்துவிட்டு ஆங்கிலத் தாளை வைப்பது. ஷட்டர் இறுகிப்போனவற்றை எதிர்மேசைக்குத் தள்ளுவேன். அங்கே திருத்துபவர் இருந்தார். ஐம்பத்தைந்து வயது தாண்டியவர். அகலமான முதுகு. வாயைத் திறந்தால் முன்பல்லில் உலோகம் தெரியும். போலந்துக்காரர் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். யுத்தம் முடிந்து அகதிக் கப்பலில் வந்தவராம்.

எங்களுக்குள் முதலில் கதை தொடங்கியது அந்தத் தாளால்தான். ஒவ்வொரு கமராவோடும் வரும் அந்தத் தாளை ரஷ்யர்கள் பாஸ்போர்ட் என்று சொல்வார்களாம். நான் அவற்றைக் குப்பைக் கூடைக்குள் போடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் சொன்னார்.

"கமராவுக்குப் பாஸ்போர்ட் இருக்கு, பார். எனக்கு ஒருநாளும் இருந்ததில்லை."

போலந்துக்காரருக்கு ரஷ்ய மொழி எப்படி வாசிக்கத் தெரியும் என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. அடுத்த கிழமையும் சொல்லவில்லை. பிறகு ஒரு மத்தியானம், மற்றவர்கள் வெயிலில் சாப்பிடப் போயிருந்தபோது, தன் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தார். என்னிடம் ஏன் சொன்னார் என்று பல வருஷம் யோசித்திருக்கிறேன். நான் ரஷ்யக்காரியில்லை, உக்ரேன்காரியில்லை, வெள்ளைக்காரியுமில்லை. சொன்னால் அது போய்ச் சேர எங்கும் இடமில்லை என்று நினைத்திருப்பார்.

அந்தக் கமராக்களின் நெற்றியில் மூன்று ரஷ்ய எழுத்துகள் வெட்டியிருக்கும். அது கொம்பனிப் பெயர் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். அது ஒரு மனிதனின் பெயர் என்று அவர் சொன்னார். சோவியத் ரகசியப் பொலிஸைத் தொடங்கியவனுடைய பெயர், தகப்பன் பெயர், குடும்பப் பெயர், மூன்றின் முதலெழுத்துகள்.

உக்ரேனில் ஒரு பெரிய நகரத்துக்கு வெளியே, அந்த மனிதன் செத்த பிறகு, அவனுடைய பெயரில் ஓர் இல்லம் கட்டினார்களாம். கட்டியது ரகசியப் பொலிஸ்காரர்கள். தெருவில் திரிந்த அநாதைப் பிள்ளைகளைப் பிடித்து அங்கே விட்டார்கள். பாதி நாள் படிப்பு, பாதி நாள் வேலை. முதலில் கதிரை, மேசை செய்தார்கள். பிறகு துளைபோடும் மின்சார இயந்திரம் செய்தார்கள். அதற்குப் பிறகு யாரோ ஒரு ஜேர்மன் கமராவைக் கொண்டுவந்து அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் அளந்து, இதையே செய்யுங்கள் என்று பிள்ளைகளிடம் கொடுத்தார்கள்.

"நாங்கள் செய்தோம்," என்றார். "பதினாறு வயது எனக்கு. ஜேர்மன்காரன் செய்தது. நாங்களும் செய்தோம்."

அதைச் சொல்லும்போது அவருடைய முகத்தில் பெருமை இருந்தது. மறைக்க முயன்றார், முடியவில்லை.

அவருடைய தகப்பனிடம் இரண்டு மாடும் கொஞ்சம் நிலமும் இருந்தன. அதற்காகத் தகப்பனைப் பணக்கார விவசாயி, அரசாங்கத்துக்கு எதிரி என்று சொல்லி வடக்கே கொண்டுபோனார்கள். கொண்டுபோனவர்கள் அதே பொலிஸ்காரர்கள். தாய் அடுத்த மாரியில் இறந்துபோனாள். இவர் ரயில் கூரைகளில் ஏறித் திரிந்து, நிலையத்தில் ரொட்டி திருடிப் பிடிபட்டு, கடைசியில் அந்த இல்லத்தில் போய்ச் சேர்ந்தார். தகப்பனைக் கொண்டுபோனவர்கள் அவருக்குச் சப்பாத்தும் வெள்ளைக் கொலர் வைத்த சட்டையும் கொடுத்தார்கள். மூன்று நேரச் சாப்பாடு கொடுத்தார்கள். வாரத்தில் ஒருநாள் பிள்ளைகள் வாத்தியத்தோடு ஊர்வலம் போவார்களாம். வெளிநாட்டுப் பிரமுகர்கள் வந்து பார்த்துப் படம் எடுப்பார்களாம்.

அந்தக் காலத்தில்தான் பஞ்சம் வந்தது. மழை பொய்த்து வந்த பஞ்சமல்ல. தானியத்தை அரசாங்கம் கிராமம் கிராமமாக வழித்து எடுத்துக்கொண்டு போனதால் வந்தது. கிராமத்து ஆட்கள் நகரத்துக்கு நடந்து வந்து தெருவில் விழுந்து செத்தார்கள். இல்லத்தின் வாசலில் மூத்த பிள்ளைகள் முறை வைத்துத் துவக்கோடு காவல் நிற்பார்கள். உள்ளே யாரையும் விடக்கூடாது என்பது கட்டளை.

அவர் காவல் நின்ற ஒரு காலையில் ஒரு பெண் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கால்கள் வீங்கியிருந்தன. அவரைச் சின்ன வயதில் வீட்டில் கூப்பிட்ட செல்லப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். அவருடைய தாயின் தங்கை.

"உன்னை எனக்குத் தெரியாது என்று சொன்னேன்," என்றார். "பணக்கார விவசாயியின் பிள்ளை என்று தெரிந்தால் என்னை வெளியே போட்டுவிடுவார்கள். எனக்குத் தகப்பன் பெயரே தெரியாது என்று அங்கே சொல்லியிருந்தேன். அவள் திரும்பத் திரும்ப அந்தப் பெயரைச் சொன்னாள். நான் துவக்கை நீட்டினேன். அவள் போகவில்லை, கீழே இருந்துவிட்டாள். பிறகு வண்டி வந்து ஏற்றிக்கொண்டு போனது. ஏற்றும்போது கண் திறந்திருந்தது."

சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பெட்டியை மூடினார். உள்ளே இருந்த ரொட்டியில் பாதிகூடக் குறையவில்லை.

மிச்சக் கதையை வேறு நாள்களில் துண்டு துண்டாகச் சொன்னார். பிள்ளைகளை வைத்துத் தொடங்கிய அந்தப் பட்டறை பெரிய தொழிற்சாலையாக மாறியது. நடத்தியவர்களில் சிலர் ஒரு காலையில் வேலைக்கு வரவில்லை. அவர்களையும் அதே பொலிஸ் கொண்டுபோய்விட்டது. அவர்களைப் பற்றிக் கேட்டவர்களும் இல்லை. ஜேர்மன் படை வந்தபோது இயந்திரங்களை ரயிலேற்றிச் சைபீரியாவுக்கு அனுப்பினார்கள். இவரைப் படைக்கு அனுப்பினார்கள். பிடிபட்டு ஜேர்மனியில் அடிமை வேலை. யுத்தம் முடிந்ததும் சோவியத் ஆட்களைத் திருப்பி அனுப்பத் தேடினார்கள். திரும்பிப் போனவர்களைத் துரோகிகள் என்று முகாமில் அடைத்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். அதனால் தான் போலந்தில் பிறந்தவன் என்று பொய் சொல்லிப் பதிந்து இந்த நாட்டுக்கு வந்தார்.

இங்கே வந்து மெரிலேண்ட்ஸில் ஓர் உக்ரேன் பெண்ணைக் கல்யாணம் செய்தார். பஞ்சத்தில் அவளுடைய வீட்டில் அவள் ஒருத்திதான் மிஞ்சினாள். அவளுக்கும் போலந்துக் கதையைத்தான் சொல்லியிருந்தார். எல்லைக்கு அப்பால், போலந்து ஆண்ட உக்ரேன் பக்கத்தில் பஞ்சம் இல்லை. அதனால் அவள் அவரிடம் அந்த வருஷத்தைப் பற்றி எதுவும் கேட்டதில்லை.

இதையெல்லாம் நான் என் கணவரிடம் சொன்னேன். வேறு யாரிடம் சொல்வது? குசினியில் நான் சமைப்பேன், அவர் கதிரையில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். வாசலில் வந்து நின்ற சின்னம்மாவைப் பற்றிச் சொன்ன அன்று, "பாவம் மனுசன்," என்று சொன்னார். குரலும் தணிந்துதான் இருந்தது.

ஒரு மாதம் கழித்து முதலாளி திருத்துபவரைக் கமராவோடு நிற்க வைத்துப் படம் எடுப்பித்தார். திருத்தும் பகுதியைப் பற்றிக் கடைகளுக்கு அனுப்ப என்று சொன்னார்கள். அவர் வெட்கப்பட்டுக்கொண்டு, தலையைத் தண்ணீர் தொட்டு வாரிக்கொண்டு நின்றார். முன்பல் தெரியாமல் வாயை மூடிச் சிரிக்கச் சொன்னார்கள். அப்படியே சிரித்தார்.

சனிக்கிழமைப் பத்திரிகையில் அரைப் பக்கத்துக்கு அந்தப் படம் வந்தது. கீழே பெரிய எழுத்தில், அநாதைச் சிறுவனாக இந்தக் கமராவைச் செய்தவர், இன்று உங்கள் கமராவைப் பார்த்துக்கொள்கிறார் என்று போட்டிருந்தார்கள். இல்லத்தின் பெயர் இருந்தது. நகரத்தின் பெயர் இருந்தது. பசித்துத் திரிந்த பையனுக்குச் சாப்பாடும் தொழிலும் கிடைத்த கதை என்று நாலு வரி இருந்தது.

நான் பத்திரிகையை விரித்தபடி கணவரைப் பார்த்தேன். அவர் சவரம் செய்துகொண்டிருந்தார்.

"இதை ஆர் முதலாளிக்குச் சொன்னது?"

"நான்தான். ஏன், நல்ல கதைதானே. முதலாளிக்கு நல்ல விருப்பம். அடுத்த மாதத்திலேயிருந்து என்னை விற்பனைக்கு எடுக்கிறார்."

"அந்த மனுசன் இதை ஒருத்தருக்கும் சொல்லேல்லை எண்டு உங்களுக்கு நான் சொன்னனான்."

"பிழையா ஒண்டும் சொல்லேல்லையே. அந்தச் சின்னம்மா கதையை நான் சொல்லேல்லை. நீர் சும்மா பதறாதையும்."

எதைச் சொல்லக்கூடாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எல்லாவற்றையும் விளங்கிக்கொண்டு, வேண்டியதை வெட்டி எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கன்னத்தில் நுரையோடு கண்ணாடியைப் பார்த்து நின்ற அந்த மனிதரை அதுவரை எனக்குத் தெரியாது.

திங்கட்கிழமை திருத்துபவர் வேலைக்கு வந்தார். சட்டை சனிக்கிழமையிலிருந்து மாற்றாததுபோல இருந்தது. ஞாயிறு உக்ரேன்காரர்களுடைய தேவாலயத்தில் யாரும் அவர் இருந்த வரிசையில் இருக்கவில்லை என்று சொன்னார். பூசை முடிந்து வெளியே வந்தபோது, இருபது வருஷம் அவரோடு சீட்டு விளையாடியவர் அவருடைய சப்பாத்தில் துப்பினார். பொலிஸ்காரனின் வளர்ப்புப் பிள்ளை என்று யாரோ பின்னால் சொன்னார்கள். அந்த மூன்று எழுத்தும் யாருடைய பெயர் என்று அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். அவர்களில் பாதிப் பேருக்கு அந்தப் பொலிஸின் கையில் யாராவது செத்திருந்தார்கள்.

என் கணவர் சொன்னதுதான் முதலாளிக்குப் போனது என்று நான் திருத்துபவரிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"வீட்டிலே பேசாமல் எப்படி இருப்பது?" என்றார். "நான் பேசாமல் இருந்தேன். என்ன கிடைத்தது?"

முதலாளிக்கு விளம்பரத்தால் மகிழ்ச்சி. கடைக்காரர்களை அழைத்து, மொஸ்கோவிலிருந்து வந்திருந்த ஒரு வர்த்தக அதிகாரியையும் அழைத்து, அந்த வியாழக்கிழமை பட்டறையிலேயே ஒரு மத்தியான விருந்து வைத்தார். பத்திரிகைப் படத்தை ஆள் உயரத்துக்குப் பெருப்பித்துச் சுவரில் ஒட்டினார்கள். அதற்குக் கீழே திருத்துபவரை நிறுத்தினார்கள். வரமாட்டேன் என்று அவர் சொன்னதாகவும், வராவிட்டால் வேலைக்கே வரவேண்டாம் என்று முதலாளி சொன்னதாகவும் பிறகு அறிந்தேன். எனக்குத் தட்டு ஏந்தும் வேலை. சேலை கட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள்.

அதிகாரி மெலிந்தவர். நல்ல சூட் போட்டிருந்தார். அவர் படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், சிரித்துக்கொண்டே ரஷ்ய மொழியில் ஏதோ கேட்டார். திருத்துபவர் ஒரு சொல் சொன்னார். அதிகாரி திரும்பவும் கேட்டார். சிரிப்பு அப்படியே இருந்தது. திருத்துபவருடைய கை கால்சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தது. இப்போது ஆங்கிலத்தில் சொன்னார், எல்லோருக்கும் கேட்கும்படி.

"நான் போலந்துக்காரன். எனக்கு அந்த இடம் தெரியாது."

தலைக்கு மேலே அவருடைய படம், அதற்குக் கீழே அந்த எழுத்துகள். ஒரு கடைக்காரர் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் வைன் கிளாஸோடு நின்றார், அவரும் சிரித்தார். இது ஏதோ வேடிக்கை என்று நினைத்து முதலாளி திருத்துபவருடைய தோளில் தட்டி, சொல்லப்பா, வெட்கப்படாதே, அந்த ஊர்வலக் கதையைச் சொல் என்றார். திருத்துபவர் திரும்பவும் அதையே சொன்னார். எனக்கு அந்த இடம் தெரியாது.

அதிகாரி கிளாஸை என் தட்டில் வைத்துவிட்டு முதலாளியிடம் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. இந்த ஆள் போலந்துக்காரன் என்றால் உங்கள் விளம்பரம் பொய். இல்லை, எங்கள் ஆள் என்றால், யுத்தம் முடிந்து ஏன் வீட்டுக்கு வரவில்லை என்று நாங்கள் கேட்கவேண்டி வரும். எதுவானாலும் எங்கள் தொழிற்சாலைக்கு இவனைத் தெரியாது. படத்தை எடுத்துவிடுங்கள்.

பின்னேரமே படத்தைக் கிழித்தார்கள். வெள்ளிக்கிழமை அவரை வேலையிலிருந்து நிற்பாட்டினார்கள். முதலாளிக்குக் கமராக்கள் தொடர்ந்து வரவேண்டும், அவ்வளவுதான். திருத்துவதற்கு நியூசிலாந்துப் பையன் ஒருவனைப் பிடித்தார். என் கணவருக்குச் சொன்னபடி விற்பனை வேலையும் ஒரு வெள்ளைக் காரும் கிடைத்தன.

சில கிழமைகள் கழித்து ஒரு ஞாயிறு எங்கள் கதவை ஒரு பெண் தட்டினாள். தலையில் பூப்போட்ட துண்டு கட்டியிருந்தாள். திருத்துபவருடைய மனைவி. கணவர் வீட்டில் இல்லை. குசினியில் கதிரையை இழுத்துக் கொடுத்தேன். தேத்தண்ணி வேண்டாம் என்றாள். கோட்டைக் கழற்றவில்லை.

"உன்னிடம் எல்லாம் சொன்னானா?" என்று கேட்டாள்.

ஓம் என்றேன்.

"அந்த வருஷம் நீ சாப்பிட்டாயா என்று கேட்டேன். சாப்பிட்டேன் என்றான். ஒவ்வொரு நாளுமா என்று கேட்டேன். மூன்று நேரமும் என்றான்."

நான் அடுப்பில் இருந்ததை இறக்கி வைத்தேன்.

"என் சின்னத் தம்பி மண் தின்றான்," என்றாள். "அது இவனுக்குத் தெரியும். கல்யாணம் செய்த வருஷமே சொன்னேன். என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். நானும் நம்பினேன்."

அவர் அப்போது சின்னப் பையன், அவருக்கும் ஒருவரும் இருக்கவில்லை என்று சொன்னேன்.

"உனக்குச் சொன்னான்," என்றாள். "உனக்கு."

பிறகு எழும்பிப் போய்விட்டாள்.

அவரை அவள் வீட்டைவிட்டுத் துரத்தவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த கராஜில் ஒரு கட்டிலைப் போட்டாள். அதற்குப் பிறகு அவருக்குச் சமைக்கவில்லை. நான் இரண்டு தடவை பார்க்கப் போயிருக்கிறேன். முதல் தடவை மாரிகாலம். வீட்டுக் குசினி யன்னலால் நல்ல மணம் வந்தது, வெங்காயமும் இறைச்சியும் வதங்கும் மணம். யன்னலைத் திறந்துவிட்டுத்தான் சமைப்பாளாம். அவர் கராஜில் ஒரு பெட்டியின் மேல் இருந்து கடைப் பாண் தின்றுகொண்டிருந்தார். ஒரு கோழித் தொழிற்சாலையில் தரை கழுவும் வேலை கிடைத்திருந்தது. விரல்கள் தண்ணீரில் ஊறி வெடித்திருந்தன.

நான் கொண்டுபோன சோறும் கறியும் வாங்கமாட்டேன் என்றார்.

"அவளுக்குத் தெரிந்தால் கஷ்டப்படுவாள்," என்றார்.

அவள் கஷ்டப்படுவாள் என்றுதான் சொன்னார். அந்தச் சோற்றைத் திரும்பக் கொண்டுவந்து குப்பையில் கொட்டினேன்.

இரண்டாம் தடவை போனபோது பிள்ளை வண்டியோடு போனேன். அதற்குள் நான் அந்த வேலையை விட்டிருந்தேன். அவர் மிகவும் மெலிந்திருந்தார். பிள்ளையைத் தூக்கமாட்டேன் என்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார். பேர் என்ன என்று கேட்டார், சொன்னேன், பிழையில்லாமல் திருப்பிச் சொன்னார். நான் இருந்தவரைக்கும் வீட்டுப் பின்கதவு இரண்டு தரம் திறந்து மூடியது. ஒருவரும் வெளியே வரவில்லை.

பிறகு ஒருநாள் மெரிலேண்ட்ஸ் கடைத்தெருவில் அவளைக் கண்டேன். கையில் மரக்கறிப் பை. அவர் இறந்து மூன்று மாதமாகிறது என்றாள். தொண்டையில் புற்றுநோய். கடைசிக் கிழமையில் அவரை வீட்டுக்குள் கொண்டுவந்து தன் கட்டிலில் படுக்க வைத்தாளாம். பீட்ரூட் சூப் வைத்துக் கரண்டியால் ஊட்டினாளாம்.

"விழுங்க முடியவில்லை," என்றாள். "நான் ஊட்ட ஊட்ட வெளியே வந்தது. அவன் வாயைத் திறந்தபடியே இருந்தான். போதும் என்று சொல்லவில்லை."

செத்த வீட்டுக்குத் தேவாலயத்திலிருந்து பாதிரியாரைத் தவிர ஒருவரும் வரவில்லை. கல்லில் எந்தப் பெயரைப் போடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. கப்பலில் வந்த பெயர் பொய். இல்லத்தில் இருந்த பெயரும் பொய்தான். உண்மையான தகப்பன் பெயர் உனக்குத் தெரியுமா என்று என்னிடம் கேட்டாள். எனக்கும் தெரியாது. பையைக் கை மாற்றிப் பிடித்துக்கொண்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் என் கணவரிடம் சொன்னேன், திருத்துகிறவர் செத்துப்போனாராம் என்று. அந்த நேரம் அவர் விற்பனை மனேஜர். வீடும் மாறியிருந்தோம்.

"எந்தத் திருத்துகிறவர்?" என்று கேட்டார்.

வேண்டுமென்று கேட்கவில்லை. உண்மையாகவே நினைவில்லை. நான் யாரென்று சொல்லவில்லை, அவரும் திருப்பிக் கேட்கவில்லை. அவரோடு அதற்குப் பிறகும் முப்பது வருஷத்துக்கு மேல் வாழ்ந்தேன். வேலையிடத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று அவரிடம் ஒருநாளும் சொன்னதில்லை.